டிசம்பரில் டிரோம்சோ போகலாமா? வியர்வை, மேகம், ஒற்றைக் கையுறை

2025 நவம்பர் 8, ஒரு வாசகரின் கேள்வி

டிசம்பர் கடைசி வாரம் நார்வேயில் டிரோம்சோ போவதாக இருக்கிறோம். நானும் மனைவியும் மட்டும், ஜனவரி 3 வரை. அங்கே சூரியனே வராது, வெளியே கால் வைக்க முடியாது, இரவு வானத்தில் ஆடும் துருவ ஒளி (அரோரா) தெரிவதும் அதிர்ஷ்டம்தான், காசு கொடுத்துத் தண்டனை வாங்குகிறீர்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் விடாமல் சொல்கிறார். போனவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

நவம்பர் 8, இரவு 10.50

போயிருக்கிறேன். நான்கு இரவு தங்கினேன். துருவ ஒளி பார்க்கவில்லை, மேகம் மட்டும் விதவிதமாகப் பார்த்தேன். திரும்பவும் போவேனா என்றால் போவேன். ஏன் என்று நாளை எழுதுகிறேன், இப்போது கண் செருகுகிறது. நான் இருப்பது ஸ்வீடனில், உப்சாலாவில். ஒன்பது குளிர்காலம் தாண்டியாயிற்று, அந்தத் தைரியத்தில் பேசுகிறேன். அவசரத்துக்கு மூன்று விஷயம்: பருத்தி பனியனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சாக்ஸ் இரண்டு ஜோடி போடுங்கள். கேபி எண் 5-ஐத் தொட்டால் மட்டும் துருவ ஒளி தேடி வெளியே போங்கள்.

நவம்பர் 9, காலை 7.15

மூன்றில் ஒன்று தப்பு. நான் எழுந்து பல் விளக்குவதற்குள் ஒருவர் பிடித்துவிட்டார். கேபி என்பது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று 0 முதல் 9 வரை போடும் மதிப்பெண். 5 வேண்டும் என்பது உப்சாலா மாதிரி தெற்கே இருப்பவர்களின் கணக்கு, பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். டிரோம்சோ ஏறக்குறைய 70 டிகிரி வடக்கில், துருவத்தைச் சுற்றித் துருவ ஒளி தோன்றும் வளையத்துக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே 2 இருந்தாலே தலைக்கு மேல் ஆடும். 5-க்காகக் காத்திருந்தால் அறையிலேயே விடுமுறை முடிந்துவிடும். அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது மேகத்தைத்தான்.

நவம்பர் 9, மாலை

சரி, இருட்டு. சூரியன் வராது என்பது உண்மை. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை அடிவானத்தைத் தாண்டாது. ஆனால் "ஒரே இருட்டு" என்று சொல்பவர் அங்கே பகல் பன்னிரண்டு மணிக்கு நின்று பார்த்ததில்லை என்பது என் எண்ணம். சூரியன் அடிவானத்துக்குச் சற்றுக் கீழேதான் உருண்டுகொண்டிருக்கிறது. அதனால் நடுப்பகலை ஒட்டிச் சில மணி நேரம் வெளிச்சம் இருக்கும். விடிகிற மாதிரியே இருந்துகொண்டிருக்கும், எப்போது விடியும் என்று பார்த்துக்கொண்டே இருப்போம், அது அப்படியே அந்தியாகிவிடும். தெற்கே ரோஜா நிறம், வடக்கே கருநீலம், கீழே பனி முழுக்க வெளிர்நீலம். மனைவியின் வெள்ளை ஜாக்கெட் எல்லாப் படத்திலும் நீலமாக விழுந்திருக்கிறது. இது வேறு யாருடைய ஜாக்கெட் என்று அவளே கேட்டாள்.

உங்கள் தேதிக்கு இன்னொரு லாபம். ஜனவரி 3 முழுநிலவு. முழுநிலவு எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நிற்கும். அங்கே குளிர்காலத்தில் சூரியன் மேலே வரவே வராது என்றால், நிலவு கீழே போகவே போகாது. அதை ஒட்டிய நாட்களில் இருபத்திநாலு மணி நேரமும் வானத்தைச் சுற்றி வரும். மேகம் விட்டால் பனியில் உங்கள் நிழல் கூர்மையாக விழும். மங்கலான துருவ ஒளியை நிலா வெளிச்சம் கொஞ்சம் தின்றுவிடும், அது வேறு.

நவம்பர் 12

பனியன் ஏன் வேண்டாம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் அவமானமான கதை, பரவாயில்லை.

டிரோம்சோவுக்குப் பக்கத்தில் குவாலோயா என்று ஒரு பெரிய தீவு, பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். அங்கே ஒரு சின்னக் குன்று ஏற ஸ்னோஷூ வாடகைக்கு எடுத்தோம். பனியில் கால் புதையாமலிருக்க ஷூவுக்கு அடியில் மாட்டுகிற அகலமான சட்டம் அது, வாத்து நடை நடக்க வைக்கும். அன்று மைனஸ் 6 தான். நானோ மைனஸ் 30-க்குப் போகிறவன் மாதிரி பெட்டியில் இருந்த அத்தனையையும் ஏற்றியிருந்தேன், அடியில் பழைய பருத்தி பனியன். இருபது நிமிடத்தில் நெற்றியிலிருந்து வழிகிறது. ஜாக்கெட்டைத் திறக்க வெட்கம். குளிர்நாட்டுக்கு வந்து இவனுக்கு வியர்க்கிறதே என்று எவனாவது பார்ப்பானோ என்று. பார்ப்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை என்பது வேறு விஷயம்.

மேலே போய்ப் படம் எடுக்க நின்றோம். பத்து நிமிடம் இருக்கும். முதுகில் யாரோ நனைத்த துணியைப் போர்த்தின மாதிரி ஆரம்பித்தது. பிறகு பல் கிட்டியது. ஜிப்பை இழுக்க விரல் கேட்கவில்லை. கடைசியில் மனைவிதான் எனக்கு ஜிப் போட்டுவிட்டாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளைக்குப் போடுவது போல, கழுத்து வரைக்கும். கூட வந்த வழிகாட்டி தன் பையிலிருந்து ஒரு கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுத்து, அந்தக் காற்றிலேயே மாற்றச் சொன்னார். மாற்றிய அரை நிமிடம் நரகம். அப்புறம் சரியாகிவிட்டது. கழற்றிய பனியனைப் பைக்கு மேல் கட்டியிருந்தேன், இறங்கி வருவதற்குள் அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது.

அவர் சொன்ன ஒரே விஷயம்: கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் அதிகம் போட்டிருக்கிறாய். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நனைந்துவிட்டால் சூட்டைக் காக்காது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும். ஒன்பது வருடத்தில் நான் குளிரில் பட்ட பாட்டை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் ஈரத்தால் வந்ததுதான்.

"கெட்ட வானிலை என்று எதுவும் கிடையாது, கெட்ட உடைதான் உண்டு" என்று நார்வேக்காரர்கள் எதுகையோடு சொல்வார்கள். உண்மைதான், ஆனால் சொல்கிறவர் எப்போதும் நல்ல உடையில் நிற்கிறார். அதுதான் எரிச்சல்.

நவம்பர் 13

மூன்றில் இரண்டாவதும் தப்பு. இரண்டு ஜோடி சாக்ஸ் என்று எழுதினேன் இல்லையா? ஷூ ஒரு அளவு பெரிதாக இருந்தால் மட்டும் அது சரி. உங்கள் வழக்கமான ஷூவுக்குள் இரண்டு ஜோடியைத் திணித்தால் காற்றுக்கு இடமில்லை, காலை இறுக்கி ரத்த ஓட்டமும் குறையும். ஒரு ஜோடியை விட அதிகமாகக் குளிரும். நானே அப்படி ஒருமுறை பெருவிரல் வெள்ளையாகி, வீட்டுக்கு வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு "ஐயோ" என்று கத்தியவன். உணர்வு திரும்பும்போதுதான் வலி. தடித்த கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி, உள்ளே விரல் அசைகிற ஷூ. போதும்.

மூன்றில் மிச்சமிருக்கும் பனியன் விஷயத்தை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

நவம்பர் 15

போன் 40 சதவீதத்தில் செத்துவிட்டது என்று எழுதியவருக்கு: சாகவில்லை, மயக்கம். குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகி, போன் கேட்கிற வேகத்தில் மின்சாரம் தர முடியாமல் அணைந்துவிடுகிறது. உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வைத்திருங்கள். உறைந்த போனை உடனே சார்ஜில் போடாதீர்கள், பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் கெட்டுப்போகும். கேமராவை அறைக்குள் கொண்டுவருவதற்கு முன் வெளியிலேயே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் சூடான காற்றின் ஈரம் முழுக்க லென்ஸில் வந்து உட்காரும். நான் கட்டாமல் உள்ளே கொண்டுபோய், குளிர்பானப் பாட்டில் மாதிரி வேர்த்து நின்ற கேமராவைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்த இரவில்தான், பக்கத்து அறைக்காரர்கள் மேகம் பத்து நிமிடம் விலகியது என்று வந்து சொன்னார்கள்.

நவம்பர் 16, ஞாயிறு

வெளியூர்ப் பயணம் மட்டுமா, வார இறுதியில் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கேட்டார். இதைக் கேட்டுவிட்டால் நான் நிறுத்த மாட்டேன், எச்சரித்துவிட்டேன்.

உப்சாலாவுக்குத் தெற்கே எக்கோல்ன் என்று மேலரன் ஏரியின் ஒரு கிளை. அது உறைந்தவுடன், மேலே பனி விழுவதற்கு முன், சில நாட்கள் கறுப்புக் கண்ணாடி மாதிரி கிடக்கும். உண்மையில் கறுப்பில்லை, தெளிவாக இருப்பதால் அடியில் இருக்கும் இருட்டுத் தண்ணீர் தெரிகிறது. அதன் மேல் நீண்ட கத்தி வைத்த ஸ்கேட் கட்டிக்கொண்டு மணிக்கணக்காகப் போவார்கள். குதிகால் தூக்குகிற மாதிரி ஸ்கேட், உள்ளே சாதாரண பூட்ஸ். நான் முதல் வருடம் போனதை ஸ்கேட்டிங் என்று சொல்ல முடியாது, விழுந்து விழுந்து நகர்ந்தேன்.

போனது சத்தத்துக்காக. மெல்லிய பனிக்கட்டியின் மேல் ஆட்கள் போகும்போது அது பாடுகிறது. தூரத்தில் எங்கேயோ ஒரு விரிசல் விழுந்தால் "பியூவ்வ்" என்று உச்சத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கி ஓடும். உயர்ந்த ஒலி பனிக்கட்டித் தட்டில் வேகமாக ஓடி முதலில் காதுக்கு வருகிறது, தாழ்ந்த ஒலி பின்னால் வருகிறது, அதனால்தான் அந்த இறக்கம். தட்டு மெலிதாக இருந்தால் சுருதி ஏறும், தடித்தால் இறங்கும். பழகியவர்கள் காதை வைத்தே தடிமனை யூகிக்கிறார்கள். நம் எடை பட்டு அது முனகும்போது முதல் முறை வயிறு கலங்கும். மூன்றாம் வாரம் அதைக் கேட்கத்தான் போகிறோம்.

தனியாகப் போகக் கூடாது. கழுத்தில் இரண்டு ஆணிப்பிடி தொங்க வேண்டும். தண்ணீரில் விழுந்தால் ஈரக் கையால் பனிக்கட்டியைப் பிடிக்கவே முடியாது, அந்த ஆணியைக் குத்தித்தான் ஏற வேண்டும். ஏறும்போதும் வந்த பக்கமே திரும்பி ஏற வேண்டும், அதுதான் உங்களை அதுவரை தாங்கியது. முதுகுப் பையில் மாற்றுத் துணியை நீர் புகாத பையில் கட்டி வைத்தால் அதுவே மிதவை. கையில் இரும்பு முனைக் கோல், ஒவ்வொரு இடத்திலும் தட்டிப் பார்க்க. தெளிந்த புதுப் பனிக்கட்டி 10 செ.மீ. இருந்தால் நடக்கலாம் என்பது இங்கே பொதுவாகச் சொல்லும் அளவு. மார்ச்சில் அந்தக் கணக்கு செல்லாது, தடியாக இருந்தாலும் உள்ளே ஊசி ஊசியாகப் பிரிந்து போயிருக்கும்.

போன ஜனவரியில் இங்கேதான் என் இடது கையுறை தொலைந்தது. விரல் பிரியாத, உள்ளே ஆட்டுரோமம் வைத்த வகை. பிளாஸ்க்கைத் திறக்கக் கழற்றி மடியில் வைத்தேன், எழுந்தேன், காற்று, போயே போய்விட்டது. பனிக்கட்டியின் மேல் அது வழுக்கிக்கொண்டு போன வேகத்தில் நான் ஒருநாளும் ஸ்கேட் செய்ததில்லை.

நவம்பர் 17

கிடைத்ததா என்று கேட்கிறார்கள். இல்லை. இங்கே ஒரு நல்ல பழக்கம், வழியில் கிடக்கும் கையுறையை யாராவது எடுத்துப் பக்கத்து வேலிக்கம்பத்தில் மாட்டிவிட்டுப் போவார்கள், விரல் மேலே பார்த்து, யாரோ கை தூக்கி நிற்கிற மாதிரி. கரையோரக் கம்பங்களை மூன்று வாரம் போய்ப் பார்த்தேன். ஒரு குழந்தையின் சிவப்புக் கையுறை இருந்தது, ஒரு குல்லாய் இருந்தது, ஒருநாள் ஒற்றை ஷூ இருந்தது. அவர் எப்படி வீட்டுக்குப் போனார் என்பதுதான் இன்னும் புரியவில்லை.

நவம்பர் 23

மலைக்குப் போய்ப் பாதியில் திரும்பிய கதையை எழுதச் சொன்னவர் என் பழைய சகா, அவர் கேலி செய்யத்தான் கேட்கிறார் என்று தெரியும். இருந்தாலும்.

அபிஸ்கோ, ஸ்வீடனின் வடகோடிப் பகுதியில். 1909-இலேயே தேசியப் பூங்காவாக்கிய இடம். மேற்கே இருக்கும் மலைகள் ஈரத்தைத் தடுத்துவிடுவதால் அங்கே வானம் அடிக்கடி தெளிந்திருக்கும், துருவ ஒளிக்காரர்கள் அதற்காகவே போகிறார்கள். டிரோம்சோவில் மேகத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பொறாமையோடு சொல்லும் பெயர். அங்கிருந்து தெற்கே போகும் நெடும்பாதையில் முதல் குடில் சுமார் 15 கி.மீ. பனிச்சறுக்குக் கட்டையில் நான்கு பேர் கிளம்பினோம். மைனஸ் 10, சுகம். நான்கு கி.மீ. தாண்டியதும் எதிர்க்காற்று. மணிக்கு 30 கி.மீ. காற்றில் மைனஸ் 10 என்பது தோலுக்கு மைனஸ் 20 மாதிரி. எண்ணாகப் படித்தால் ஒன்றும் தெரியாது. கண் இமை ஒட்டிக்கொள்வதும், வழிக்குறிக் கம்பத்தில் அடுத்தது தெரியாமல் போவதும்தான் தெரியும். நான்தான் முதலில் சொன்னேன், திரும்பலாம் என்று. நார்வேக்காரர்களுக்கு மலைக்கென்று ஒன்பது விதிகள் உண்டு, அதில் எட்டாவது, நேரத்தில் திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது. அதை விதியாக எழுதி வைக்க வேண்டியிருக்கிறது என்பதிலிருந்தே அவர்களுக்கும் வெட்கமாகத்தான் இருந்திருக்கிறது என்று தெரிகிறது.

திரும்பியதில் என்ன கிடைத்தது? உலர்த்தும் அறை. நனைந்த எல்லாவற்றையும் தொங்கவிட ஒரு சூடான அறை, நாற்பது பேருடைய கம்பளி சாக்ஸ் நாற்றம், சுவரோரம் ஆவி விடும் பூட்ஸ். அதில் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளங்கால் தரையின் சூட்டில் பட்டதும், நால்வரும் அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஜன்னல் வழியே லாப்போர்ட்டன் தெரிந்தது, இரண்டு மலைக்கு நடுவே கிண்ணம் மாதிரி குடைந்த பள்ளத்தாக்கு, ரோஜா நிறத்தில். காற்று நின்றிருந்தது. "இப்போது போயிருக்கலாம்" என்று சகா சொன்னார். இன்றுவரை சொல்கிறார்.

நவம்பர் 30

சின்ன எச்சரிக்கை. டிரோம்சோவிலிருந்து மேகம் இல்லாத வானத்தைத் தேடி வண்டிகள் பல சமயம் பின்லாந்து எல்லை வரை போகும். பின்லாந்தில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே. நாங்கள் எல்லைக்கு இந்தப்பக்கம், நார்வேயில் ஒரு குடிலில் தூங்கினோம், போன் ராத்திரியில் அந்தப்பக்கக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு தானாக ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் முன்னதாக, மைனஸ் 17-இல், பேருந்து தாமதம் என்று ஓட்டுநரைத் திட்டிக்கொண்டு நின்றோம். ஓட்டுநர் அந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார், பாவம். போனில் தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள், அல்லது ஒரு பழைய கைக்கடிகாரம்.

டிசம்பர் 6

கேட்டவர் டிக்கெட் எடுத்துவிட்டாராம். நல்லது. கடைசியாகச் சில.

டிரோம்சோ நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் குளிராது. கடல் சூட்டைக் கொண்டுவருகிறது, ஜனவரியில்கூட சராசரி மைனஸ் 5-ஐத் தாண்டாது. அதனால்தான் ஆபத்து. பூச்சியத்தைச் சுற்றி ஏறி இறங்கும்போது நடைபாதையில் பனிக்கட்டிக்கு மேல் தண்ணீர் நிற்கும், அதை விட வழுக்கலான தரை கிடையாது. மைனஸ் 25-இல் பனிக்கட்டி மணல்தாள் மாதிரி பிடிக்கும். நான் காபிக் கோப்பையோடு ஒரு பேருந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கையில் விழுந்தது பிளஸ் 1-இல். காபி மட்டும் சிந்தவில்லை, அதற்கு ஒருவர் கைதட்டினார். ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்பட்டை விற்கிறார்கள், விமானத்தில் இருந்து இறங்கிய அன்றே வாங்குங்கள். நார்வேயில் ஆம்புலன்ஸ் 113, காவல்துறை 112.

டிசம்பர் 14

அப்படியானால் நீங்கள் துருவ ஒளியைப் பார்த்ததே இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். பார்த்தேன். குப்பை கொட்டப் போனபோது.

2024 அக்டோபரில் பெரிய காந்தப் புயல் வந்ததே, அன்றைக்கு. நான் செய்தி எதுவும் பார்க்கவில்லை. வீட்டுச் செருப்போடு, ஒரு கையில் காய்கறிக் கழிவுப் பை, இன்னொரு கையில் பழைய அட்டைப்பெட்டி. குப்பைத்தொட்டி மூடியைத் தூக்கும்போது கூரைக்கு மேல் ஒரு சாம்பல் கீற்று, மேகம் என்று நினைத்தேன். மேகம் அசைந்தது. மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரியாது, கேமரா சில நொடி ஒளியைச் சேர்த்து வைத்துப் பச்சையாகக் காட்டும். அதனால் முதலில் பலருக்கும் அது வெறும் புகைதான். பிறகு பலம் கூடியது, அப்போது கண்ணுக்கே பச்சை, மேலே சிவப்பு. பச்சை 100 கி.மீ. உயரத்தை ஒட்டி, சிவப்பு 200-க்கும் மேலே, இரண்டுமே ஆக்சிஜன். அந்த ஆண்டு மே மாதப் புயலில் லடாக்கின் ஹான்லேயிலும் கேமராவில் சிவப்பு மட்டும் பதிவானதற்குக் காரணம் இதுதான், அவ்வளவு தூரத்திலிருந்து உச்சி மட்டும் எட்டிப் பார்க்கும்.

எதிர்வீட்டுப் பாட்டி இரவு அங்கியில் வெளியே வந்து நின்றார். இரண்டு பேரும் பத்து நிமிடம் பேசவில்லை. அப்புறம் அவர், அட்டைப்பெட்டி அந்தத் தொட்டியில் போடக் கூடாது என்றார்.

2026 ஜனவரி 6

கேட்டவர் திரும்பி வந்துவிட்டார், நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று இரவு மேகம். நான்காவது இரவு, விடுதிக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடத்தில், மனைவி ஹீட்டர் போதவில்லை என்று வரவேற்பில் சண்டை போடப் போன இடைவெளியில், இவர் மட்டும் பார்த்திருக்கிறார். கூப்பிட ஓடுவதா, பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டும் பாதி செய்தாராம். வீட்டில் இன்னும் சமாதானம் ஆகவில்லை. நிலா நிழலையாவது இருவரும் சேர்ந்து பார்த்தார்கள், படம் அனுப்பியிருக்கிறார், பனியில் இரண்டு நீண்ட நிழல், நடுவில் நல்ல இடைவெளி.

பனியன் போடவில்லையாம். நன்றி. ஆனால் கேபிள் காரிலிருந்து இறங்கி, போனை எடுக்கக் கழற்றிய வலது கையுறை காற்றில் போய்விட்டதாம், இடது மட்டும் இருக்கிறதாம், என்ன செய்வது என்று கேட்கிறார். என் அலமாரியில் வலது ஒன்று ஒரு வருடமாகச் சும்மா கிடக்கிறது. ஆட்டுரோமம், பழுப்பு நிறம், அளவு 9. உங்களுடையது என்ன அளவு?